கேட்டதும் சொன்னதும்: “அதான் ஊருக்கே தெரியுமே!”

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. யாரோ யார் மேலோ புகார் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை நாற்காலியைப் போடுவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. முப்பது வருடம் வங்கி வேலை, விருப்ப ஓய்வுக்குப் பிறகு கோவை, திருப்பூர் பக்கக் கம்பெனிகளில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுக்களில் வெளி உறுப்பினர் என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள் போல. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். யார் பெயரையும் போடவில்லை. நான் சொல்லும் குழு அனுபவங்களிலும் ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். லைன் சூப்பர்வைசர் பீஸ் பார்க்கிற சாக்கில் தோளில் கை வைக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு ‘தூங்கிட்டியா’ என்று மெசேஜ். இரண்டு மாதமாக இந்தத் தொல்லை. ஹெச்.ஆரில் சொன்னால் ‘சாட்சி இருக்கா?’ என்கிறார்கள். கூட இருக்கிற அக்காக்கள், ‘அவன் போட்டோவைப் போட்டு ஸ்டேட்டஸ் வை, அப்பத்தான் அடங்குவான்’ என்கிறார்கள். வைக்கட்டுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

இன்றைக்கு வைக்க வேண்டாம். முதலில் ஹெச்.ஆர். கேட்ட கேள்வியே தப்பு. நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு யாரும் இந்த வேலையைச் செய்வதில்லை. சாட்சி என்றால் கண்ணால் பார்த்தவர் மட்டுமில்லை. அந்த மெசேஜ் சாட்சி. அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். முதல் நாள் நீங்கள் அழுதுகொண்டே யாரிடம் சொன்னீர்களோ, அந்த அக்கா சாட்சி.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டம் அது. அங்கேயே வேலை பார்க்கும் மூத்த பெண் ஒருவர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், என்னைப் போல வெளியாள் ஒருவர். குழுவே அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆள் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். எழுத வராதென்றால் எழுத உதவுவது குழுவின் கடமை, தயவு இல்லை. விசாரணை நடக்கும்போது அவரை வேறு லைனுக்கு மாற்றச் சொல்லியோ, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு வேண்டுமென்றோ கேட்கலாம். போலீசுக்குப் போகும் உரிமை இதனால் போய்விடாது.

எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். ஒரு குழுவில் ஒரு பெண் கொடுத்த கடிதத்தில் நாலே வரி. நாலிலும் ‘தவறாக நடந்துகொண்டார்’. என்னம்மா செய்தார் என்று கேட்டேன். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் சொன்னாள்: ‘வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு பெல் அடிச்சதுக்கு அப்புறம், அயர்ன் டேபிள் பக்கத்துல, இந்தக் கையைப் பிடிச்சு இழுத்தாரு.’ அப்படியே எழுதிக்கொண்டோம். அன்று நான் லீவு என்று அவர் பதில் கொடுத்தார். வருகைப் பதிவில், அந்த வெள்ளிக்கிழமை காலை 8.52-க்கு அவருடைய விரல் ரேகை இருந்தது. ‘தவறாக நடந்துகொண்டார்’ என்று மட்டும் விட்டிருந்தால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஸ்டேட்டஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வைத்த ஐந்தாவது நிமிடம் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அவதூறு என்று கிளம்புவார். அதுவரை அவர் கையைப் பற்றி இருந்த பேச்சு உங்கள் ஸ்டேட்டஸைப் பற்றியதாகிவிடும். குழுவில் புகார் கொடுத்த பிறகோ, அதிலுள்ள விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்கள் யார் என்பதையும் வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 16-வது பிரிவே சொல்கிறது. ஆனால் அந்த அக்காக்களை நான் குறை சொல்ல மாட்டேன். காது கொடுக்க ஆளில்லாத கம்பெனியில்தான் ஸ்டேட்டஸ் பேசுகிறது.

கேள்வி: வெளி உறுப்பினர் என்றால் பெண்ணுக்காக வாதாடுபவர்தானே? உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் யார் பக்கம்?
- கோவை வாசகர்

கம்பெனிக்காரர்கள் நான் அந்தப் பெண்ணின் பக்கம் என்கிறார்கள். அந்தப் பெண் நான் கம்பெனி பக்கம் என்கிறாள். குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டையும் நம்புகிறார். மூன்று பேரும் முறைக்கிற வரை வேலை ஒழுங்காகப் போகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் கணவர் கிராம நிர்வாக அலுவலர். பட்டா மாறுதலுக்கு மூவாயிரம் வாங்கினார் என்று லஞ்ச ஒழிப்புத் துறை பிடித்தது. மறுநாள் பேப்பரில் ‘கையும் களவுமாக’ என்று போட்டோவோடு வந்துவிட்டது. சஸ்பெண்ட். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் கோலம் போடும்போதுகூட முகம் பார்ப்பதில்லை. அவர் வாங்கவே இல்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள் என்கிறார். கேஸ் முடியும் முன்பே நாங்கள் குற்றவாளிக் குடும்பமா?
- பெயர் வேண்டாம்

அம்மா, அவர் வாங்கினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கோபிக்காதீர்கள், உங்களுக்கும் தெரியாது. நீங்கள் அந்த அறையில் இல்லை. எதிர்வீட்டுக்காரரும் இல்லை.

அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், பேப்பரில் அது வராது. புகார் கொடுத்தவர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். வேறு துறை ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு உட்காரவைத்து நோட்டில் ஃபினால்ஃப்தலீன் பொடி தடவுவார்கள். பணம் கை மாறியதும் சோடியம் கார்பனேட் கரைசலில் அவர் விரல்களை முக்குவார்கள். பொடி பட்டிருந்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். பாட்டிலில் ஊற்றி முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ரோஜா நிறம் விரல் நோட்டில் பட்டது என்பதைச் சொல்லும். கேட்டு வாங்கினார் என்பதைச் சொல்லாது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில், லஞ்சம் கேட்டதும் அதை வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும் என்றது. உடனே நிம்மதியடைய வேண்டாம். புகார் கொடுத்தவர் இறந்துபோனாலும், பிறழ் சாட்சியானாலும், மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைகளையும் வைத்து அதை நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள் என்றால், எந்த மேசை, யார் இருந்தார்கள், பட்டா விண்ணப்பம் அன்று எந்த நிலையில் இருந்தது, ஏற்கெனவே மேலே அனுப்பியாயிற்றா என்பதையெல்லாம் இப்போதே, நினைவு மங்குமுன் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சஸ்பெண்ட் என்பது தண்டனை இல்லை. விசாரணை முடியும் வரை தள்ளி வைப்பது, அவ்வளவுதான். அதனால்தான் பிழைப்பூதியம் தருகிறார்கள். அது கேட்டு வாங்க வேண்டிய பணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கோர்ட்டு கேஸ் ஒரு பக்கம் நடக்க, துறையிலிருந்து 17(பி) மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வரும். குற்றச்சாட்டு என்ன, எந்த ஆவணம், யார் சாட்சி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘நான் ஒன்றும் அறியேன்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடாமல், ஆவணங்களின் நகலை முதலில் கேட்கட்டும். கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்றால் போதும். அங்கே விடுதலை என்பதற்காக இங்கேயும் தானாக விடுதலை ஆகிவிடாது. அப்புறம், யார் சொன்னாலும் புகார் கொடுத்தவர் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகாதீர்கள். சாட்சியைக் கலைக்கப் பார்த்தார் என்று ஆகிவிடும்.

மகளிடம் ‘அப்பா ஒரு தப்பும் செய்யலை’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். ‘விசாரிக்கிறாங்க, முடியட்டும்’ என்று சொல்லுங்கள். பள்ளியில் கேட்பவர்களுக்கு அவளும் அதையே சொல்லலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். எதிர்வீட்டுக்காரருக்குப் புரியுமா என்பதுதான் சந்தேகம்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் புகார் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். ஒரு பேராசிரியர் மேல் மூன்று மாணவிகள் புகார். ஆளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ‘ஊருக்கே தெரிந்த விஷயம், எதற்கு இழுத்துக்கொண்டு? ஒரு வாரத்தில் அறிக்கை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்’ என்கிறார் தலைவர். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.
- ஓர் உதவிப் பேராசிரியை

எனக்கும் படும். அதனால்தான் கோவா வழக்கை உங்கள் தலைவர் மேசையில் வைக்கச் சொல்கிறேன். கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் ஒரு துறைத் தலைவர் மேல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு மளமளவென்று அடுத்தடுத்து அமர்வுகள் வைத்தது. அவர் உடம்பு சரியில்லை என்று அவகாசம் கேட்டார், கொடுக்கவில்லை. ஆள் இல்லாமலே விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள், வேலையும் போயிற்று. அவர் விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார். 2023 மே 12-ம் தேதி, பணிநீக்க உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் நல்லவர் என்பதால் இல்லை. தன் தரப்பைச் சொல்லச் சரியான வாய்ப்பு தரவில்லை என்பதால். 2009 மே மாதத்தில் எந்தக் கட்டத்தில் முறை தவறியதோ, அங்கிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பதினான்கு வருடம் கழித்து, மறுபடி விசாரணை. 2009-ல் தைரியமாகக் கையெழுத்துப் போட்ட அந்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணம், வேலை, குழந்தை என்று எங்கெங்கோ போயிருப்பார்கள். அவர்களிடம் போய், ‘அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா’ என்று கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்யும் பதற்றத்தில் குழு அவர்களுக்கே கூடுதல் தீங்கு செய்துவிட்டது என்று நீதிபதிகளே வருந்தினார்கள். உங்கள் தலைவர் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் நாட்களின் விலை இது.

சட்டம் தொண்ணூறு நாள் தருகிறது. புகாரின் நகல் ஏழு வேலை நாளில் அந்தப் பேராசிரியருக்குப் போகட்டும். அவர் பதில் சொல்லப் பத்து வேலை நாள். மூன்று உறுப்பினருக்குக் குறையாமல் உட்காருங்கள், தலைவரும் அதில் ஒருவராக இருக்க வேண்டும். பேராசிரியர் தொடர்ந்து மூன்று முறை காரணமில்லாமல் வராமல் போனால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் இல்லாமலே நடத்தலாம். அதாவது இழுத்தடிப்பவரைச் சமாளிக்கவும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மாணவிகளை அவருக்கு எதிரே உட்காரவைக்க வேண்டியதில்லை, கேள்விகளை எழுதி வாங்கிக் குழு கேட்கலாம். இன்னொன்று: ‘எல்லோருக்கும் தெரியும்’ என்றால், அந்த எல்லோரில் ஒருவரையாவது வந்து தெரிந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் அன்றைக்கு வெளியூரில் இருப்பார்கள்.

கேள்வி: மீ டூ என்ற பெயரில் எத்தனை ஆண்களின் பெயரைக் கெடுத்தார்கள்! நிரூபிக்க முடியாதவர்கள் எல்லாம் பொய் சொன்னவர்கள்தானே? உள்ளே தள்ளினால் என்ன?
- மதுரை வாசகர்

நிரூபிக்க முடியாதது வேறு, பொய் வேறு. 2013 சட்டத்தின் 14-வது பிரிவில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு. ஆனால் அந்தக் கெட்ட எண்ணத்தையும் தனியாக விசாரித்து நிரூபிக்க வேண்டும். உங்கள் அவசரத்துக்கும் அதே நடைமுறைதான்.

பெயர் கெட்டது என்று நினைத்தவர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனதையும் பார்த்தோமே. 2018-ல், தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மேல் எம்.ஜே. அக்பர் அவதூறு வழக்குப் போட்டார். குற்றச்சாட்டுகளை மறுத்த அவர் மத்திய இணை அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். 2021 பிப்ரவரி 17-ல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல வருடம் கழித்தும், எந்த மேடையிலும், பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. அக்பர் மேல்முறையீடு செய்தார்.

முதல் கேள்விக்கு ஸ்டேட்டஸ் வேண்டாம் என்று சொன்னவள், இங்கே வேறு மாதிரி பேசுகிறேனே என்று தோன்றலாம். ரமணி சொன்ன சம்பவம் 1993-ல் நடந்தது. அன்றைக்கு அவர் எந்தக் குழுவிடம் போயிருப்பார்? ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு வேலையிடப் பாலியல் தொல்லைக்கு வழிகாட்டு விதிகள் தந்த விசாகா தீர்ப்பு வந்ததே 1997-ல். சட்டமாக இன்னும் பதினாறு வருடம். கதவே இல்லாத வீட்டில் ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திருப்பூர் வாசகிக்குக் கதவு இருக்கிறது. அதை உள்ளேயிருந்து தாழ் போட்டிருக்கிறார்கள், அது வேறு சண்டை.

கேள்வி: எங்கள் அபார்ட்மெண்டில் என் மோதிரம் காணோம். வேலைக்கு வரும் அம்மாள்தான் என்று நினைத்து, சிசிடிவியில் அவர் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ‘ஜாக்கிரதை’ என்று போட்டேன். மற்ற நாலு வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். போன வாரம் வாஷிங் மெஷின் ஃபில்டரைச் சுத்தம் செய்தபோது மோதிரம் கிடைத்தது. குழுவில் என்ன போடுவது? கூச்சமாக இருக்கிறது.
- சென்னை வாசகி

கூச்சம் இருக்கட்டும், நல்லதுதான். போட்டதே அவதூறுக் குற்றமாகலாம். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

குழுவில் போடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். ஆளனுப்பிக் கூப்பிடாதீர்கள். திண்ணையோ வாசற்படியோ, எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கே உட்கார்ந்து, மோதிரம் எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். ஐந்து வீட்டுச் சம்பளத்தையும், நிறுத்திய நாளிலிருந்து கணக்குப் போட்டுக் கொண்டுபோங்கள். உங்களால்தானே அந்த நாலு வீடும் போயிற்று. அப்புறம், குழுவில் எப்படிப் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். மறுபடி தன் படம் வருவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். பழைய பதிவை அழித்துவிட்டு நைசாக நழுவிவிடாதீர்கள். படம் போட்டவர் கையாலேயே, அதே குழுவில், ‘நான் தப்பாகச் சொன்னேன்’ என்று வர வேண்டும்.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது நினைவிருக்கும். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன் பல நாளாக வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்ததும் ‘ஜாக்கிரதை’தான்.

கேள்வி: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் யாரையாவது விசாரிக்காமல் குற்றவாளி என்று நினைத்ததுண்டா?
- ஈரோடு வாசகர்

உண்டு. 1989. ஒரு சின்ன ஊர்க் கிளையில் நான் கிளார்க். பக்கத்துக் கவுண்டர் கேஷியருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு சாயங்காலம் கேஷ் கட்டும்போது எட்டாயிரம் குறைந்தது. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. மறுநாள் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். கட்டியதே தப்பாகப் போயிற்று. ‘எடுக்காதவன் எதுக்குக் கட்டுறான்?’ என்று லஞ்ச் ரூமில் பேசிக்கொண்டோம். நானும்தான்.

மண்டல அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அன்று ஏதாவது வித்தியாசமாகக் கவனித்தீர்களா என்றார். ‘மத்தியானம் மூணு தடவை சீட்டை விட்டு எழுந்து போனார் சார்’ என்றேன். எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும்தான் மூன்று தடவை எழுந்து போவார். ‘மற்ற நாட்களில்?’ என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து எஸ்.பி. (சேமிப்புக் கணக்கு) லெட்ஜர்களை பாலன்ஸ் செய்தபோது மூன்றாவது லெட்ஜரில் எட்டாயிரம் வித்தியாசம் வந்தது. அன்றைய வவுச்சர் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு வித்டிராயல் சிலிப், கோந்து பட்டு, இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்திருக்கிறார், சிலிப் கண்ணில் படாததால் கேஷ் புக்கில் ஏறவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி கவுண்டரில் உட்காரவைத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

விசாரணையின்போது வாக்குமூலங்களின் நகலை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். என்னுடையதையும் படித்திருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நான் மாற்றலாகிப் போகும் வரை, சீட்டை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி, ‘பாத்ரூம் போயிட்டு வரேம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவார்.